கந்தலும் காகிதமும்

நுழையும்முன்

ஒரு பொருள் எந்த நொடியில் குப்பையாகிறது? அது கிழிந்தபோதா, உடைந்தபோதா, அன்றி அதை வைத்திருந்தவர் கைவிட்டபோதா? விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் தையல்கூடத் துணித்துணுக்குகள் ஒரு காலத்தில் பல பெண்களை வீட்டுக்கு வெளியே அழைத்து வந்தன. அதே மாவட்டத்தின் உள்நாட்டு ஊர்களில் பழைய காகிதம் தெய்வ உருவாகிறது. மிச்சப்பட்ட பொருள்கள் கலையாகும் வழியையும் அவ்வழியில் நிற்கும் மனிதரையும் இப்பாடம் காட்டுகிறது.

வீட்டின் பழைய வழக்கம்

பழையதைப் புதிதாக்கும் கலை தமிழர் வீடுகளுக்குப் புதியதன்று. ஒரு நூற்சேலையின் வாழ்நாளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். உடுத்தி நைந்த சேலை முதலில் குழந்தைக்குத் தூளியாகும். குழந்தை வளர்ந்தபின் தலையணை உறையாகவோ மூட்டை கட்டும் துணியாகவோ மாறும். அதன்பின் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணியாகும். கடைசித் துண்டு விளக்குத் திரியாக எரிந்து முடியும். அச்சேலையில் குப்பைக்கென்று எஞ்சுவது ஏதுமில்லை. தேங்காய்ச் சிரட்டை காம்பு பூட்டப்பெற்று அகப்பையானது. உடைந்த பானையின் ஓடு சிறுமியர் பாண்டியாடும் சில்லானது.

இவற்றையெல்லாம் அக்காலத்தார் கலை என்று அழைக்கவில்லை. சிக்கனம் என்றும் பெருமை பேசவில்லை. வீடு நடத்தும் முறை அது. ஆனால் அதற்குள்ளும் அழகுணர்ச்சி ஒளிந்திருந்தது. மூங்கில் முறத்தின் இடுக்குகள் வழியே மாவு ஒழுகாதிருக்க, ஊறவைத்த பழைய காகிதத்தை வெந்தயத்துடன் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து மெழுகும் வழக்கம் இருந்தது. வெந்தயத்தின் கொழகொழப்பு காகித நார்களைப் பிணைக்கும்; அதன் கசப்பு பூச்சிகளை அண்டவிடாது. அவ்வாறு அரைத்த விழுதில் சிறிது மிஞ்சினால், குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஈரத்துணி விரித்து விரற்கடை கனத்துக்கு அப்பி, வெயிலில் காயவைத்து எடுப்பர். ஒரு கூடை பிறக்கும். அக்கூடைக்கு வண்ணம் பூசி, ஓரத்தில் பூக்கொடி வரைந்தவளுக்கு அதனால் ஒரு காசும் கூடுதலாக வரவில்லை. ஆயினும் வரைந்தாள். கலை தொடங்கும் இடம் அதுவே.

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைத்துப் போர்வையாக்கும் 'காந்தா' தையலும் இவ்வாறே வீட்டுத் தேவையில் பிறந்தது. இன்று அது உலகச் சந்தையில் விலைமதிப்பு மிக்க கைவினை.

கடல் வந்து போன பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராத் தீவையொட்டிய கடலடியில் எழுந்த நிலநடுக்கம், காலைப்பொழுதிலேயே ஆழிப்பேரலையாகத் தமிழகக் கரையை அடைந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தின் இழப்பே அவற்றுள் பெரிது. மரக்காணம் முதல் தெற்கே நீளும் விழுப்புரம் மாவட்டக் கரையிலும் மீனவ ஊர்கள் பேரழிவைக் கண்டன.

அழிவைத் தொடர்ந்து உதவி வந்தது. அரிசி வந்தது, மருந்து வந்தது, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பழைய துணிகள் மூட்டை மூட்டையாக வந்தன. அத்துணிகளில் பெரும்பகுதியை எடுக்க ஆளில்லாமல் அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்த காட்சியை அந்நாளைய செய்தித்தாள்கள் பதிவு செய்துள்ளன. அனுப்பியவர்களின் நெஞ்சில் குறையில்லை. ஆனால் முந்தைய நாள் வரை தம் உழைப்பில் உண்டு உடுத்தவர்களுக்கு, பிறர் கழற்றிய உடையை ஏற்பது எளிதாக இருக்கவில்லை. கொடுப்பது ஒன்று, கொடுக்கும் முறை வேறொன்று.

மீனவ ஊர்களில் ஆண்கள் கடலுக்குச் செல்வர். கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுப்பது, கூடையில் சுமந்து விற்பது, எஞ்சியதைக் கருவாடாக்குவது ஆகியவை பெண்களின் தொழில். படகும் வலையும் போனதால் மீன் வரவில்லை. வந்த சிறிதளவு மீனையும் வாங்க மக்கள் சில காலம் தயங்கினர். இதனால் பெண்களின் கைகள் ஒரே நாளில் வேலையற்றுப் போயின. துயரத்தோடு வேலையின்மையும் சேரும்போது அத்துயரம் இருமடங்காகிறது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே, வானூர் வட்டத்தில் அமைந்திருப்பது ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற பன்னாட்டு நகர் அது. அங்கே 'உபாசனா' என்னும் ஆடை வடிவமைப்புக் கூடத்தை 1997இல் நிறுவியவர் உமா பிரஜாபதி. பீகாரைச் சேர்ந்த இவர் ஆடை வடிவமைப்பு பயின்றவர். ஆழிப்பேரலைக்குப் பின் இக்கூடத்தினர் அருகிலிருந்த மீனவ ஊர்ப் பெண்களிடம் சென்றனர். அவர்கள் எடுத்துச் சென்றது உடையன்று. உடை தைத்தபின் கூடத்தில் எஞ்சிய துணித்துணுக்குகள்.

தையற்கூடங்களில் துணித்துணுக்கு எப்படி உண்டாகிறது என்பதை அறிவது நன்று. துணி நேரான பரப்பு. மனித உடலோ வளைவுகளால் ஆனது. கழுத்துக்கும் கைக்குழிக்கும் வளைத்து வெட்டும்போது துணுக்குகள் விழுந்தே தீரும். எத்துணை கைதேர்ந்த தையற்காரரும் இதைக் குறைக்கலாமேயன்றி நீக்க இயலாது. திருப்பூரிலிருந்து வரும் இத்தகைய மிச்சமே 'பனியன் வேஸ்ட்' என்னும் பெயரில் ஊர்தோறும் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பயன்படுகிறது. உபாசனாவின் மிச்சம் வேறு வழியில் சென்றது.

அத்துணுக்குகளைக் கொண்டு விரல்நுனி அளவிலான சிறு பொம்மை ஒன்று உருவாயிற்று. துணியும் நூலும் ஊசியுமே அதற்குத் தேவை. கடலிலிருந்து வந்தவள் என்னும் கருத்தில் அதற்குச் 'சுனாமிகா' என்று பெயரிட்டனர். ஏறத்தாழ 600 மீனவப் பெண்கள் இப்பொம்மை செய்யப் பயிற்சி பெற்றனர். ஊசி பிடித்துப் பழகாத கைகள் அவற்றுள் பல. கூடையும் தராசும் பிடித்த கைக்கு, அரைவிரல் அகலத் துணியை மடித்துக் கட்டுவது தொடக்கத்தில் அரிதாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த நுண்மையே அவர்களுக்கு மருந்துமாயிற்று. கண்ணும் கையும் ஒரு சிறு முகத்தின் மீது குவிந்திருக்கும் நேரத்தில் மனம் அலையை நினைப்பதில்லை. வட்டமாக அமர்ந்து செய்ததால் பேச்சும் அழுகையும் சில வேளைகளில் சிரிப்பும் இடையே வந்தன.

விலையில்லாப் பொம்மை

சுனாமிகாவின் கதையில் வியப்பளிக்கும் பகுதி இனிமேல்தான் வருகிறது. அப்பொம்மையை விற்பதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. அது பரிசாக மட்டுமே வழங்கப்படும். பெற்றவர் விரும்பினால் தம்மால் இயன்றதை நன்கொடையாக அளிக்கலாம். அந்நன்கொடையே அடுத்த பொம்மைக்கான கூலியாகும். இவ்வாறு கைமாறிக் கைமாறிப் பல இலட்சம் பொம்மைகள் 80க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன.

இம்முடிவின் பொருள் ஆழமானது. முந்தைய வாரம் வரை நிவாரண வரிசையில் நின்று பெற்றுக்கொண்டிருந்த பெண், இப்போது உலகுக்கு ஒரு பரிசைக் கொடுப்பவளானாள். பெறுபவள் கொடுப்பவளாகும் அம்மாற்றத்தைச் செய்தது, கூடத்தின் மூலையில் கிடந்த துணித்துணுக்கு. கூலியும் கிடைத்தது என்பதை மறந்துவிடலாகாது. கலை ஆறுதல் தரும். ஆயினும் அரிசி வாங்கக் கூலி வேண்டும். ஆறுதலை மட்டும் பேசிக் கூலியை மறைக்கும் பாராட்டுகள் பெண்களின் உழைப்புக்கு நேர்மை செய்வதில்லை.

எனினும் நன்கொடையை நம்பிய தொழிலுக்கு ஓர் எல்லை உண்டு. பேரழிவின் நினைவு மங்க மங்க, அதையொட்டிய ஈகையும் குறைவது உலக இயல்பு. பரிசுப்பொருள் ஒன்றைக் கொண்டு ஒரு கரையோரம் முழுவதும் நெடுங்காலம் வாழ இயலாது. ஆழிப்பேரலைக்குப் பின் ஆரோவில்லில் வேறொரு முயற்சியும் தொடங்கியது. 'வெல் பேப்பர்' என்னும் அவ்வமைப்பில் சுற்றுவட்டார ஊர்ப் பெண்கள் பழைய செய்தித்தாள்களிலிருந்து கிண்ணங்கள், கூடைகள், அணிமணிகள் ஆகியவற்றைச் செய்து விற்பனைக்கு அனுப்புகின்றனர். தாளைச் சுருட்டி, அச்சுருளைத் தட்டையாக்கி, அதனைப் பாய்போல் சுற்றிச் சுற்றி ஒட்டும்போது செய்தித்தாளின் எழுத்துகள் வண்ணப் புள்ளிகளாக மாறிவிடுகின்றன. இது பரிசன்று, பண்டம். அழகு குறைந்தால் வாங்க ஆளிருக்காது என்பதை அறிந்து செய்யப்படுவது. இவ்விரு வழிகளுள் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவதைவிட, துயரம் புதிதாக இருந்தபோது ஒன்றும், வாழ்க்கை நடக்கத் தொடங்கியபின் மற்றொன்றும் பொருந்தியது எனக் கொள்வதே தகும்.

காகிதத்தில் எழும் உருவம்

கடற்கரையை விட்டு மேற்கே விழுப்புரம் நகர்ப்பக்கம் வந்தால், காகிதத்தின் கதை வேறு வடிவம் கொள்கிறது. விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டு முதலிய ஊர்களில், விநாயகர் சதுர்த்திக்குப் பல மாதங்கள் முன்னரே காகிதக்கூழ்ச் சிலைகள் செய்யும் பணி தொடங்கிவிடுகிறது. தெருவோரங்களில் தும்பிக்கையும் வயிறும் தனித்தனியே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் காட்சி அவ்வழியே செல்வோர்க்குப் பழகியது.

செய்முறை எளிது போலத் தோன்றும். பழைய காகிதத்தைக் கிழித்து நீரில் ஊறவைக்க வேண்டும். காகிதம் என்பது தாவர நார்களின் பின்னல். நீரில் அந்நார்கள் நெகிழ்ந்து பிரிகின்றன. நன்கு ஊறியதை இடித்தோ அரைத்தோ கூழாக்கி, சுண்ணாம்புத் தூள்மாவும் மரவள்ளிக்கிழங்கு மாவுப் பசையும் சேர்த்துப் பிசைகின்றனர். மரவள்ளி, சேலம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் மிகுதியாக விளைவது. எனவே பசைக்கு வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பதும் உண்டு. இக்கலவையை முன்பாதி, பின்பாதி என இரண்டாகச் செய்த அச்சுகளில் சீராக அழுத்திப் பரப்புவர். கனம் ஓரிடத்தில் கூடி மற்றோர் இடத்தில் குறைந்தால் காயும்போது உருவம் கோணிவிடும். இவ்வழுத்தத்தின் அளவை எந்தக் கருவியும் சொல்லாது, கட்டைவிரல்தான் சொல்லும்.

பாதி காய்ந்தபின் அச்சிலிருந்து எடுத்து, இருபாதிகளையும் பசை தடவிய தாளால் இணைப்பர். நீர் ஆவியாகும்போது பிரிந்த நார்கள் மீண்டும் ஒன்றையொன்று பற்றிப் பின்னிக்கொள்கின்றன. உருவத்துக்கு வலிமை தருவது இப்பின்னலே. அதன்மேல் மெல்லிய தாள் ஒட்டி, மேடுபள்ளம் தேய்த்து, வெண்பூச்சுக் கொடுத்தபின் வண்ணம் ஏறும். கண் திறப்பது கடைசி வேலை. அதுவரை கூழாக இருந்தது, கருவிழி வைத்ததும் நம்மைப் பார்க்கிறது.

களிமண் இருக்கக் காகிதம் எதற்கு என்னும் ஐயம் எழலாம். ஆளுயரத்துக்கு மேற்பட்ட உருவத்தைக் களிமண்ணில் செய்தால் அதைத் தூக்கவும் இயலாது. வண்டியில் ஏற்றி மேடுபள்ளச் சாலையில் கொண்டு சென்றால் விரிசலும் காணும். காகிதக்கூழ்ச் சிலை உள்ளே வெற்றிடம் கொண்டது. ஆதலால் எடை குறைவு. மேலும் நீரில் இட்டால் ஊறிக் கரையும். 'பிளாஸ்டர் ஆப் பாரிஸ்' எனப்படும் சுதைமாவுச் சிலைகள் அவ்வாறு எளிதில் கரைவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிலைகளை நீர்நிலைகளில் கரைப்பதற்கான நெறிமுறைகளை 2010இல் வெளியிட்டு, 2020இல் திருத்தியபோது சுதைமாவுச் சிலைகளைத் தடை செய்தது. இதனால் காகிதக்கூழ்க் கலைஞர்களின் பழைய கைத்திறன் புதிய மதிப்புப் பெற்றது. மதிப்புப் பெற்ற கலையினர் வளம் பெற்றனரா என்பது தனிக் கேள்வி. இத்தொழில் வெயிலை நம்பியது. திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் மழை பிடித்துக்கொண்டால் காயாத சிலைகள் பூஞ்சை பிடிக்கும். சிலை ஓராண்டுக்கு ஒருமுறை விற்கும். வாங்கிய கடனுக்கு வட்டியோ மாதந்தோறும் ஏறும்.

தெரிந்து தெளிவோம்

விழுப்புரம் மாவட்ட ஊர்கள் சூழ அமைந்த புதுச்சேரிப் பகுதி ஊர் திருக்கனூர். அங்குச் செய்யப்படும் காகிதக்கூழ்க் கைவினைப் பொருள்கள் புவிசார் குறியீடு பெற்றவை. இந்தியாவின் வடகோடியில் காசுமீரமும் காகிதக்கூழ்க் கலைக்குப் புகழ்பெற்றது. அங்கு இக்கலை பாரசீகத்திலிருந்து வந்ததாகக் கூறுவர்.

சாலை ஆய்வாளரின் தோட்டம்

மிச்சங்களைக் கொண்டு இந்தியாவில் எழுப்பப்பட்ட பெருங்கலைப் படைப்பு சண்டிகரில் உள்ளது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் திட்டமிட்டுக் கட்டப்பெற்ற அந்நகருக்காகப் பல சிற்றூர்கள் அகற்றப்பட்டன. அவற்றின் இடிபாடுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் அவற்றைத் தம் மிதிவண்டியில் சுமந்து சென்று, அரசுக்குரிய காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் சேர்க்கத் தொடங்கினார். உடைந்த வளையல்கள், பீங்கான் துண்டுகள், ஓடுகள், மின்பொருள் உதிரிகள் ஆகியவற்றால் மனிதரையும் விலங்கையும் பறவையையும் உருவாக்கினார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் இப்பணி மறைவாகவே நடந்தது.

1975ஆம் ஆண்டு வாக்கில் அதிகாரிகள் கண்ணில் அது பட்டது. சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ள எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் கண்டவர்கள் மயங்கினர். பொதுமக்கள் ஆதரவு திரண்டது. 1976இல் அது 'பாறைத் தோட்டம்' என்னும் பெயரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்கு அரசே ஊதியமும் பணியாளர்களும் அளித்தது. 1984இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. 2015இல் அவர் மறைந்தார். வீடிழந்தோரின் வளையல்கள் இன்றும் அங்கே சுவர்களில் மின்னுகின்றன.

ஓவியர் பிக்காசோ 1942இல் பழைய மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத்தலை ஒன்றைச் செய்தார். அவர் சேர்த்தது ஒரு பார்வையை மட்டுமே. இருக்கை முகமாகவும் கைப்பிடி கொம்பாகவும் தெரிவதற்கு அந்தப் பார்வை போதுமானதாயிற்று.

எது மறுபயன், எது அலங்காரம்?

மறுசுழற்சி என்பது பொருளை அதன் மூலப்பொருள் நிலைக்குக் கொண்டுசென்று மீண்டும் அதே வகைப் பொருளாக்குவது. ஆலையில் காகிதம் மீண்டும் காகிதமாவது அவ்வகை. ஒவ்வொரு சுழற்சியிலும் நார்கள் குறுகுவதால் ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் அதைச் சுழற்ற இயலாது. கைவினையாக மாறிய மிச்சமோ அதற்கு முன்னில்லாத மதிப்பைப் பெறுகிறது. முன்னதற்கு ஆலை வேண்டும். பின்னதற்குக் கையும் கண்ணும் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பள்ளிக் கண்காட்சிகளில் 'கழிவிலிருந்து கலை' என்னும் தலைப்பில் வைக்கப்படும் பொருள்களை உற்று நோக்கினால், ஒரு பழைய புட்டியை அழகுபடுத்தப் புதிய பசையும் மினுமினுப்புத் தூளும் தெர்மக்கோலும் கடையிலிருந்து வாங்கப்பட்டிருப்பது தெரியும். கண்காட்சி முடிந்த மறுநாள் அவையனைத்தும் ஒன்றாகக் குப்பைக்குச் செல்கின்றன. முன்னர்ப் புட்டியைத் தனியே பிரித்துப் பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டிருக்கலாம். இப்போது அதுவும் இயலாது. மிச்சத்தைக் குறைக்கப் புறப்பட்ட கை, மிச்சத்தைப் பெருக்கிவிட்டது. செய்தவர் ஆர்வத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. செய்யும் முன் கேட்கவேண்டிய கேள்வியை எவரும் கேட்கவில்லை என்பதே குறை. இப்பொருள் ஓராண்டுக்குப் பின் எங்கே இருக்கும்? வெந்தயம் சேர்த்து அரைத்த காகிதக் கூடைக்கு இக்கேள்விக்கான விடை தெரியும். அது சில ஆண்டுகள் பருப்பும் வற்றலும் தாங்கும். பின் மழையில் நனைந்து மண்ணாகும்.

திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிவனம் என்பதன் மரூஉ. புளியங்காடு என்பது பொருள். புளியின் தோலும் கொட்டையும் கோதும் போகச் சதை மட்டுமே அடுக்களைக்குச் செல்கிறது. எறிந்த கொட்டையைச் சிறுவர் பல்லாங்குழிக்கு எடுத்தனர். இடித்து மாவாக்கித் துணிக்குக் கஞ்சியாகவும், வண்ணத்துக்குப் பசையாகவும் கொண்டனர். தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையில் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்தியதுண்டு. கோதைக் கொண்டு பித்தளைப் பாத்திரம் துலக்கினர். விழுப்புரத்துக் காகிதமும் கடலோரத்துக் கந்தலும் அந்த வரிசையில் வந்தவையே.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம், அவர் இளமையில் ஒரு பழைய பொருள் எத்தனை பயன்களாக மாறியது என்பதைக் கேட்டு, அவர் பயன்படுத்திய சொற்களிலேயே எழுதுக.

'சுனாமிகா பொம்மையை விற்றிருக்க வேண்டும்', 'பரிசாகவே அளித்திருக்க வேண்டும்' என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.